பார உலோகமும் பல்பகுதியப் படலமும்: வன்னிக்கு எது பொருந்தும்?

வன்னியில் தண்ணீர் பற்றிய பேச்சு பெரும்பாலும் அளவைப் பற்றியதாகவே இருக்கும். அக்கராயன் குளத்தில் எத்தனை அடி நிற்கிறது, வான் பாயுமா, சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் அனுமதிப்பார்கள், துருசு எப்போது திறக்கும் என்பவைதான் கமக்காரர் கூட்டங்களில் எழும் கேள்விகள். தரத்தைப் பற்றிக் கேட்டால், கிணறு உவராகிவிட்டதா, கேத்திலின் அடியில் வெள்ளை படிகிறதா என்பதோடு பேச்சு நின்றுவிடும். நாக்கும் கண்ணும் கண்டுபிடிக்கும் குறைகள் அவை. ஈயமும் கட்மியமும் அவற்றுக்கு அகப்படுவதில்லை. குடிநீரில் ஒரு லீற்றருக்கு ஈயம் 0.01 மில்லிகிராமையும் கட்மியம் 0.003 மில்லிகிராமையும் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். இலங்கையின் குடிநீர்த் தரமான எஸ்.எல்.எஸ். 614 உம் அதே எண்களைத்தான் சொல்கிறது. அந்த அளவு பத்து மடங்கு கூடினாலும் தண்ணீரின் நிறமோ மணமோ சுவையோ மாறாது.

இந்த உலோகங்களைக் கழிவுநீரிலிருந்து பிரித்தெடுக்க மெல்லிய பல்பகுதியப் படலங்களைப் பயன்படுத்தலாம் என்ற ஆய்வு உலகெங்கும் பெருகியிருக்கிறது. நண்டு, இறால் ஓட்டிலிருந்து வார்த்த படலம், பொலித்தீன் மேல் வேறு மூலக்கூறுகளை ஒட்டவைத்த படலம், செலுலோசுப் படலம், நுண்ணிழையால் நெய்த படலம் என்று வகைகள் பல. ஒவ்வோர் ஆய்வும் தன் படலம் ஒரு கிராமுக்கு இத்தனை மில்லிகிராம் ஈயத்தைப் பிடித்தது என்ற ஓர் எண்ணோடு முடிகிறது. அந்த எண்களை வரிசைப்படுத்தி எது பெரியது என்று பார்ப்பதால் எங்களுக்கு ஆகப்போவது அதிகமில்லை. எந்தப் படலம், எந்த நீரில், வாய்க்காலின் எந்த இடத்தில், பிடித்த உலோகத்துக்குப் பிறகு யார் பொறுப்பு என்ற கேள்விகளை முன்வைத்தே இத்துறையை இங்கே பார்க்கிறேன். காங்கேசன்துறை, மாங்குளம், பரந்தன் ஆகிய இடங்களில் கைத்தொழில் வலயங்கள் அமைப்பது பற்றி அரசு அறிவித்திருக்கும் காலம் இது. மாங்குளப் பக்கத்து நீர் கனகராயன் ஆற்றோடு இரணைமடுவுக்கு வருகிறது. ஆலைகள் எழும்பியபின் இக்கேள்விகளைக் கேட்பது பிந்திய காரியம்.

முதலில் படலம் எப்படி உலோகத்தைப் பிடிக்கிறது என்பதைப் பார்க்கலாம். வெறும் பொலித்தீன் ஈயத்தைப் பிடிக்காது. அதன் மூலக்கூறில் காபனும் ஐதரசனும் மட்டுமே உள்ளன. உலோக அயனுக்குக் கொடுக்க அவற்றிடம் ஒன்றுமில்லை. நைதரசன், ஒட்சிசன், கந்தகம் ஆகிய அணுக்களிடம் பிணைப்பில் ஈடுபடாத இலத்திரன் சோடிகள் இருக்கின்றன. உலோக அயன் அந்தச் சோடிகளைத் தேடி வந்து ஒட்டிக்கொள்ளும். ஆகவே அமைன், காபொட்சில், தயோல் போன்ற கூட்டங்களைப் பல்பகுதியச் சங்கிலியில் பொருத்துவதைத்தான் 'மாற்றியமைத்தல்' என்கிறோம். எந்தக் கூட்டம் எந்த உலோகத்தை விரும்பும் என்பதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. அமெரிக்க இரசாயனவியலாளர் ரால்ப் பியர்சன் 1963 இல் முன்வைத்த வன்மை, மென்மைக் கொள்கைப்படி இரசம், கட்மியம் போன்ற 'மென்' அயன்கள் கந்தகத்தை நாடும். கல்சியம், மக்னீசியம் போன்ற 'வன்' அயன்கள் ஒட்சிசனை நாடும். ஈயம் இடைப்பட்டது. குரோமியத்தின் ஆறாம் வலுவளவு வடிவம் வேறு சாதி: அது நீரில் எதிரேற்றம் கொண்ட குரோமேற்றாக இருக்கும். அதைப் பிடிக்க நேரேற்றம் பெற்ற படலம் வேண்டும். எல்லா உலோகத்தையும் ஒரே படலம் பிடிக்கும் என்று யாராவது சொன்னால் அதை நம்பவேண்டியதில்லை.

இந்தக் குடும்பத்தில் எங்கள் கரைக்கு மிக நெருக்கமானது கைற்றோசான். பூநகரியிலும் முல்லைத்தீவிலும் கரையேறும் நண்டையும் இறாலையும் பதனிடும்போது ஓடு மிஞ்சுகிறது. ஓட்டு வகைகளில் புரதமும் கல்சியம் காபனேற்றும் போக 15 முதல் 40 சதவீதம் வரை கைற்றின் என்ற பல்பகுதியம் இருக்கிறது. பிரான்சின் ஆன்றி பிரக்கோனோ 1811 இல் காளானிலிருந்து முதலில் கண்டறிந்த பொருள் அது. ஓட்டை ஐதரோகுளோரிக்கமிலத்தில் ஊறவைத்தால் சுண்ணாம்பு நுரைத்துக் கரைந்துபோகும். மெல்லிய எரிசோடாவில் காய்ச்சினால் புரதம் நீங்கும். மிஞ்சும் கைற்றினை 40, 50 சதவீதச் செறிவுள்ள எரிசோடாவில் நூறு பாகை செல்சியசை ஒட்டிய சூட்டில் சில மணி நேரம் வைத்தால் அசற்றைல் கூட்டம் கழன்று அமைன் கூட்டம் வெளிப்படும். அதுதான் கைற்றோசான்.

அதைப் படலமாக வார்ப்பது பாடசாலை ஆய்வுகூடத்திலும் செய்யக்கூடிய வேலை. ஒரு சதவீத அசற்றிக்கமிலத்தில், அதாவது வினாகிரியை நாலைந்து மடங்கு நீர் விட்டு மெலிதாக்கிய கரைசலில், கைற்றோசான் தூளைப் போட்டு இரவு முழுக்கக் கலக்கவேண்டும். கூழ்போலத் தடித்து, இளமஞ்சளாக, குமிழி நிறைந்து வரும். குமிழி அடங்கும்வரை விட்டுத் தட்டையான கண்ணாடித் தட்டில் ஊற்றி உலரவைத்தால் விரலால் உரித்தெடுக்கக்கூடிய ஒளிபுகும் தாளாக வரும். பிறகு மெல்லிய எரிசோடாவில் தோய்த்துக் கழுவவேண்டும். தோய்க்காவிட்டால் தண்ணீரில் போட்டதும் வழுவழுத்து உருக்குலைந்துவிடும். செப்புச் சல்பேற்றுக் கரைசலில் ஒரு துண்டைப் போட்டுப் பார்த்தால் சிறிது நேரத்தில் தாள் நீலமாவதைக் கண்ணாலேயே காணலாம். கரைசலில் இருந்த செம்பு நைதரசனோடு ஒட்டிக்கொண்டதன் அடையாளம் அது. எங்கள் உயர்தர மாணவர்களுக்கு இணைப்புச் சேர்வைகள் பற்றிய பாடத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சோதனை எனக்குத் தெரியவில்லை.

இனி இடறும் இடம். கைற்றோசான் அமிலத்தில் கரையும். உலோக முலாம் பூசும் தொழிலகத்துக் கழிவுநீரோ பற்றரி உடைக்கும் இடத்துக் கழிவுநீரோ பெரும்பாலும் அமிலம்தான். படலம் கரையாமலிருக்கச் சங்கிலிகளைக் குளுற்றரல்டிகைட் போன்ற பொருளால் ஒன்றோடொன்று பிணைக்கிறார்கள். அந்தப் பிணைப்பு நடப்பதே அமைன் கூட்டங்களில். உலோகத்தைப் பிடிக்கவேண்டிய கைகளில் ஒரு பகுதி படலத்தைத் தாங்கிப் பிடிப்பதற்குப் போய்விடுகிறது. உறுதி கூடக் கூட, பிடிக்கும் அளவு குறையும். இந்த இழப்பை ஈடுசெய்ய மேலும் அமைன் கூட்டங்களை ஒட்டுவது, களிமண்ணையோ இரும்பு ஒட்சைட்டையோ கலப்பது, பொலிவைனைல் அற்ககோலோடு சேர்த்து வார்ப்பது என்று பல வழிகள் முயலப்பட்டிருக்கின்றன. என் வாசிப்பில், இத்துறையின் ஆய்வுகளில் கணிசமான பங்கு இந்த ஒரே முரண்பாட்டை வெவ்வேறு வழியில் சமாளிக்கும் முயற்சிதான்.

அடுத்த இடறல் இன்னும் பெரியது. எங்கள் மண்ணோடு நேரே தொடர்புடையது. ஆய்வுகூடத்தில் உலோகக் கரைசலைக் காய்ச்சி வடித்த நீரில் தயாரிக்கிறார்கள். ஈயம் மட்டுமே உள்ள நீர் அது. போட்டிக்கு ஆளில்லை. வன்னியின் கிணற்று நீரோ கல்சியமும் மக்னீசியமும் நிறைந்த கடின நீர். ஒரு லீற்றரில் கல்சியம் நூறு மில்லிகிராம் இருக்க, ஈயம் 0.05 மில்லிகிராம் இருந்தால், ஒரு ஈய அயனுக்கு எதிரே பத்தாயிரம் கல்சிய அயன்கள் நிற்கின்றன. காபொட்சில் கூட்டங்களை நம்பிச் செய்த படலம் அந்த நெருக்கத்தில் கல்சியத்தால் நிரம்பிப்போகும். அமைன், தயோல் கூட்டங்கள் ஓரளவு தாக்குப்பிடிக்கும். கேத்திலில் படியும் அதே வெள்ளை காலப்போக்கில் படலத்தின் மேலும் படிந்து துவாரங்களை மூடும். ஆகவே ஒரு படலத்தின் தகுதியை அறிய அதைக் கிளிநொச்சிக் கிணற்று நீரில் ஈயத்தைச் சேர்த்துச் சோதிக்கவேண்டும். காய்ச்சி வடித்த நீரில் வந்த எண் இங்கே வழிகாட்டாது.

செறிவின் சிக்கலும் இருக்கிறது. ஏர்விங் லாங்மியூர் 1918 இல் தந்த சமன்பாட்டைக் கொண்டு ஒரு படலம் அதிகபட்சம் எவ்வளவு பிடிக்கும் என்று கணிக்கிறார்கள். கரைசலில் ஈயம் லீற்றருக்கு நூற்றுக்கணக்கான மில்லிகிராமாக இருக்கும்போது எட்டப்படும் உச்சம் அது. நீரில் ஈயம் மிகக் குறைவாக இருக்கையில் அதே படலம் அந்த உச்சத்தின் சிறு பங்கைத்தான் பிடிக்கும். ஒரு கிராமுக்கு 200 மில்லிகிராம் என்று தலைப்பில் வந்த படலம் மெய்யான கழிவுநீரில் ஐந்து மில்லிகிராமோடு நின்றுவிட்டால் வியப்பில்லை.

இதை வைத்து ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு குளத்தில் பத்து இலட்சம் கனமீற்றர் நீர், ஏறத்தாழ 810 ஏக்கர் அடி, இருக்கிறதென்றும் அதில் கட்மியம் லீற்றருக்கு 0.005 மில்லிகிராம் என்றும் வைப்போம். அதை 0.003 க்கு இறக்க அகற்றவேண்டிய கட்மியம் இரண்டு கிலோதான். ஆனால் படலம் அவ்வளவு குறைந்த செறிவில் கிராமுக்கு ஒரு மில்லிகிராம் பிடிப்பதானால் இரண்டு தொன் படலம் வேண்டும். நூறு கோடி லீற்றர் நீரையும் அதன்மேல் ஓடவிடவேண்டும். அடுத்த மாரியில் மறுபடியும். இப்போது ஒரு பட்டறையை எடுப்போம். நாளுக்கு ஆயிரம் லீற்றர் கழிவுநீர், அதில் ஈயம் லீற்றருக்கு 0.1 மில்லிகிராம். அதை எட்டில் ஒரு பங்காக்க (ஏன் எட்டில் ஒரு பங்கு என்பதைச் சட்டத்தைப் பேசும்போது சொல்கிறேன்) நாளுக்கு ஏறத்தாழ 90 மில்லிகிராம் ஈயத்தைப் பிடித்தால் போதும். கிராமுக்கு ஐந்து மில்லிகிராம் பிடிக்கும் படலம் நாளுக்கு 18 கிராம், மாதத்துக்கு அரைக் கிலோவுக்குச் சற்று மேல். ஒரு வாளிக்குள் அடங்கும் வேலை. படலம் குளத்துக்குரிய கருவியல்ல, வடிகாலின் வாய்க்குரியது என்று நான் வாதிடுவதற்கு இந்தக் கணக்கே அடிப்படை.

வயல்களிலிருந்து வரும் உலோகத்துக்கும் படலத்தால் பெரிதாக ஒன்றும் செய்யமுடியாது. பொசுபேற்றுப் பாறையில் இயற்கையாகவே கட்மியம் கலந்திருக்கும்; பசளையோடு அது வயலுக்கு வரும். அது பரவலாக வருவது. வாய் என்று ஒன்று அதற்கு இல்லை. ஜப்பானின் ஜின்சு ஆற்றங்கரையில் கமியோக்கா சுரங்கத்துக் கட்மியம் நீர்ப்பாசனத்தோடு நெல்லுக்குள் ஏறி எலும்பை நொறுக்கும் 'இத்தாய் இத்தாய்' நோயைத் தந்தது. 1968 இல் அந்நாட்டு அரசு அதைச் சூழல் மாசினால் வந்த நோயென்று ஏற்றுக்கொண்டது. அங்கு பிற்காலத்தில் செய்தது மண்ணை மாற்றியதும் கதிர்வரும் பருவத்தில் வயலில் நீரைத் தேக்கிவைத்ததும்தான். நீர் நிற்கும் மண்ணில் கட்மியம் கந்தகத்தோடு சேர்ந்து அடங்கிவிடும். மண் காய்ந்தால் மறுபடி கரைந்து வேருக்குப் போகும். ஆசனிக்கு நேர் எதிர்: நீர் நிற்கும் வயலில்தான் அது கூடுதலாக ஏறும். ஆக, இந்தப் பக்கத்து விடை பசளையின் தரக்கட்டுப்பாட்டிலும் வயல் முகாமைத்துவத்திலும் இருக்கிறது.

சிறுநீரக நோயைத் தொடாமல் இக்கட்டுரை நிறைவுறாது. 1990 களில் வட மத்திய மாகாணத்தில் கவனத்துக்கு வந்த, காரணம் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் வவுனியா எல்லைக் கிராமங்களையும் பாதித்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் பங்களிப்போடு நடந்து 2013 இல் வெளியான ஆய்வு கட்மியத்தை ஓர் இடர்க் காரணியாகக் காட்டியது. பின்வந்த ஆய்வாளர்கள் நீரின் கடினத்தன்மை, புளோரைட்டு, களைநாசினி, வெயிலில் உழைப்போரின் உடல் நீரிழப்பு என்று வேறு பக்கங்களையும் காட்டினார்கள். விவாதம் முடியவில்லை. ஆனால் ஊர்களில் வந்து நிற்பது ஒரு பல்பகுதியப் படலம்தான்: எதிர்ப் பிரசாரண இயந்திரத்துக்குள் சுருட்டிவைத்த பொலியமைட்டு மென்சவ்வு. 1960 ஐ ஒட்டிய ஆண்டுகளில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சிட்னி லோப் என்பவரும் இந்தியரான சீனிவாச சௌரிராஜனும் செலுலோசு அசற்றேற்றில் வார்த்த படலத்திலிருந்து தொடங்கிய வழி அது. அந்த மென்சவ்வு உலோகத்தைப் பிடிப்பதில்லை, தடுக்கிறது. தடுத்தது கழிவாக வெளியேறும் நீரில் செறிந்து போகிறது. அந்த நீரை நிலையத்தின் பின்புறத்து மண்ணில் விடும் வழக்கத்தை நான் ஏற்கவில்லை. கிணற்றில் இருந்ததையே செறிவாக்கிக் கிணற்றுக்கே திருப்பி அனுப்பும் வேலை அது.

பிடிக்கும் படலத்துக்கும் தடுக்கும் படலத்துக்கும் அப்பால் கடத்தும் படலமும் உண்டு. செலுலோசு முவசற்றேற்று அல்லது பீ.வீ.சி.யில் உலோகத்தைச் சுமக்கும் ஒரு திரவத்தையும் இளக்கியையும் கலந்து வார்ப்பார்கள். ஒரு பக்கத்தில் கழிவுநீர், மறுபக்கத்தில் உலோகத்தை வாங்கிக்கொள்ளும் கரைசல். அயன் படலத்துக்குள் நுழைந்து மறுகரை சேரும். மெல்பேண் பல்கலைக்கழகத்தார் இதில் நெடுங்காலம் உழைத்திருக்கிறார்கள். அழகான வழி, ஆயினும் சுமக்கும் திரவம் மெல்ல மெல்லக் கசிந்து போவதால் படலத்தின் ஆயுள் குறைவு. எங்களுக்கு இது இன்னும் தூரத்தில் இருப்பது.

கதிர்வீச்சால் ஒட்டவைத்த படலங்களுக்கு ஒரு முக்கியமான சான்று ஜப்பானில் உண்டு. பொலித்தீன் இழைத்துணியைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தி அமிடொக்சிம் கூட்டங்களை ஒட்டி, வடக்கே முத்சுக் கரைக்கு அப்பால் கடலில் இட்டார்கள். கடல்நீரில் யுரேனியம் லீற்றருக்கு ஏறத்தாழ 3 மைக்குரோகிராம்தான். 350 கிலோ துணி 240 நாள் கடலில் கிடந்து, யுரேனிய ஒட்சைட்டாகக் கணக்கிட்டால், ஒரு கிலோவுக்குச் சற்று மேற்பட்டதைச் சேர்த்தது. உப்பும் கல்சியமும் நிறைந்த கடலில், இத்தனை குறைந்த செறிவில், சரியான கூட்டத்தை ஒட்டிய சாதாரணப் பொலித்தீன் வேலை செய்யும் என்பதை இது காட்டியது. எவ்வளவு துணிக்கு எவ்வளவு உலோகம் என்பதையும் சேர்த்தே காட்டியது.

பரந்தனுக்கு வருவோம். ஆனையிறவு உப்பைக் கொண்டு எரிசோடாவும் குளோரினும் செய்த பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை 1950 களில் எழுந்தது. போரினால் 1985 இல் நின்றது. உப்புக் கரைசலை மின்பகுக்கும் இத்தொழிலில் அக்காலத்தில் உலகெங்கும் இரசக் கலம், கல்நார் இடைத்திரைக் கலம் என்ற இரண்டு முறைகளே வழக்கில் இருந்தன. இரசக் கலம் உள்ள இடமெல்லாம் இரசம் கழிவுநீரோடு வெளியேறியது. ஜப்பானின் மினமாட்டாவில் இரசக் கழிவால் நேர்ந்த பேரழிவு வேறு வகை இரசாயன ஆலையால் வந்ததே ஆனாலும், அதன்பின் ஜப்பான் தன் இரசக் கலங்களையும் ஒழிக்கத் தொடங்கி 1986 இல் முடித்தது. அதற்கு வழிசெய்தது ஒரு மாற்றியமைத்த பல்பகுதியப் படலம். புளோரோ காபன் சங்கிலியில் சல்போனிக், காபொட்சிலிக் கூட்டங்களைப் பொருத்தி வார்த்த படலம் சோடியம் அயனை மட்டும் கடக்கவிட்டுக் குளோரைட்டை நிறுத்தியது. இரசத்துக்கு வேலையே இல்லாமல் போயிற்று. மினமாட்டா உடன்படிக்கை இத்தொழிலில் இரசத்துக்கு 2025 ஐ இறுதி ஆண்டாக வைத்திருக்கிறது. கழிவிலிருந்து உலோகத்தைப் பிடிக்கும் படலங்கள் எல்லாவற்றையும்விட, உலோகம் கழிவுக்குள் வராமல் செய்த இந்தப் படலமே பார உலோகப் பிரச்சினையில் அதிகம் சாதித்தது என்பது என் கணிப்பு. பரந்தனில் எரிசோடா ஆலை மீண்டும் எழுமானால் அது படலக் கலமாக மட்டுமே இருக்கவேண்டும். கைற்றோசானுக்கு வேண்டிய எரிசோடாவும் ஐதரோகுளோரிக்கமிலமும் இந்த ஆலையின் விளைபொருள்களே என்பதையும் திட்டமிடுவோர் கவனிப்பது நல்லது. நண்டு ஓடு கடலில், காரம் பரந்தனில்.

பிடித்த உலோகத்தை என்ன செய்வது என்பதற்குத் தமிழ்நாட்டின் இராணிப்பேட்டை கசப்பான பாடம். அங்கே குரோமேற்று இரசாயனங்கள் செய்த ஓர் ஆலை 1995 இல் மூடப்பட்டபோது ஒன்றரை இலட்சம் தொன்னுக்குக் குறையாத குரோமியக் கழிவு வெட்டவெளியில் குவிந்து கிடந்தது. மழைபெய்யும்போதெல்லாம் மஞ்சள் நீர் கசிந்து நிலத்தடிக்கும் பாலாற்றுப் பக்கத்துக்கும் போனது. ஆலை இல்லை, பொறுப்பேற்க ஆளும் இல்லை. வாணியம்பாடி, ஆம்பூர்ப் பகுதித் தோல் பதனிடும் தொழிலகங்கள் மீதான வழக்கில் 1996 ஓகஸ்ட் 28 இல் இந்திய உச்ச நீதிமன்றம் மாசுபடுத்தியவரே செலவை ஏற்கவேண்டும் என்று தீர்ப்பளித்தது. கூட்டுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இயங்கின. குரோமியம் நீரிலிருந்து கசடுக்குப் போனது. கசடு தொட்டிகளில் நிறைந்தது. 2015 ஜனவரி 31 அதிகாலை இராணிப்பேட்டைச் சிப்காட் தொழிற்பேட்டையில் அப்படியொரு கசடுத் தொட்டியின் சுவர் உடைந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் பத்துப் பேர் இறந்தார்கள். நீரைச் சுத்தம் செய்தோம் என்று கணக்குக் காட்டியவர்கள், அகற்றியதை எங்கே வைத்தோம் என்பதற்குக் கணக்கு வைக்காததன் விலை அது.

அதே தோல்தொழிலில் நல்ல எடுத்துக்காட்டும் இருக்கிறது. சென்னையிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் பரப்பிய முறையில், பதனிட்டு மிஞ்சிய குரோமியக் கரைசலை வேறு கழிவோடு கலக்குமுன் தனியே எடுத்து மக்னீசியம் ஒட்சைட்டால் வீழ்படிவாக்கி, அமிலத்தில் கரைத்துத் திரும்பத் தோலுக்கே பயன்படுத்துகிறார்கள். அங்கே குரோமியத்துக்கு ஒரு விலை இருக்கிறது, ஆகவே அதை யாரும் வீசுவதில்லை. படலமும் இப்படி ஒரு சுற்றுக்குள் வந்தாலே நிலைக்கும். மெல்லிய அமிலத்திலோ ஈ.டீ.ரீ.ஏ. கரைசலிலோ கழுவினால் படலம் உலோகத்தை விட்டுவிட்டு மறுபடி பயன்படும். கழுவிய கரைசலில் உலோகம் செறிந்திருக்கும். பற்றரி ஈயமானால் அதை வாங்க ஆள் உண்டு. கலவையான உலோகமானால் இல்லை.

கைற்றோசான் ஆய்வுகூடத்தை விட்டு ஊருக்குள் போனதற்கும் சென்னையிலேயே சான்று இருக்கிறது. இந்திய தொழில்நுட்பக் கழகத்தின் தலப்பில் பிரதீப் குழுவினர் கைற்றோசானோடு உலோக ஒட்சைட்டு நுண்துகள்களைப் பிணைத்த மணிகளை உருவாக்கி 2013 இல் ஆய்வை வெளியிட்டார்கள். அந்த வழியில் வந்த 'அம்ரித்' என்ற ஆசனிக்கு வடிகட்டி இந்தியாவின் பல மாநிலங்களில் ஊர்க் குழாய்களில் பொருத்தப்பட்டிருக்கிறது. இதில் கவனிக்கவேண்டியது, அவர்கள் படலமாக வார்க்கவில்லை, மணியாக்கினார்கள். படலத்தில் அயன் உள்ளே ஊடுருவ நேரமெடுக்கும். மணிகளை நிரப்பிய தூணில் நீர் சீராக ஓடும், மாற்றுவதும் எளிது. படலத்தின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது: கசடும் எண்ணெயும் கலந்த நீரில் தூண் அடைத்துவிடும், தொங்கவிட்ட படலத்தைத் தூக்கிக் கழுவலாம். வாகனம் கழுவும் நிலையத்து வடிகாலுக்குப் படலம், குழாய்க் கிணற்றுக்கு மணி என்று நான் பிரிப்பேன்.

இப்போது சட்டத்தின் பக்கம். கைத்தொழிற் கழிவுநீருக்கு மத்திய சுற்றாடல் அதிகார சபையின் 2008 ஆம் ஆண்டு வர்த்தமானி எல்லைகளை வகுத்திருக்கிறது. உள்நாட்டு மேற்பரப்பு நீரில் விடும் கழிவுநீரில் ஈயம் லீற்றருக்கு 0.1 மில்லிகிராம், கட்மியம் 0.1, மொத்தக் குரோமியம் 0.5. குடிநீர் எல்லையோடு பார்த்தால் ஈயம் பத்து மடங்கு. கழிவுநீர் போய்ச்சேரும் இடத்தில் குறைந்தது எட்டு மடங்கு சுத்தமான நீர் அதை நீர்க்கும் என்று எடுத்துக்கொண்டே அந்த எண்கள் வைக்கப்பட்டன. நீர்ப்பு அதற்குக் குறைந்தால் எல்லையும் அந்த விகிதத்தில் இறங்கவேண்டும் என்று அதே வர்த்தமானி சொல்கிறது.

வன்னிக்கு இந்த ஒரு வரி மிக முக்கியம். தெற்கே களனி ஆற்றில் ஆண்டு முழுக்க நீர் ஓடுகிறது. கனகராயன் ஆறும் அக்கராயன் ஆறும் மாரியில் பெருகி, வைகாசிக்குப் பின் மணலாகக் கிடப்பவை. ஓகஸ்டில் ஓர் ஆலை தன் கழிவுநீரை அந்த மணலில் விட்டால் ஆற்றில் ஓடுவது அந்தக் கழிவுநீர் மட்டும்தான். நீர்க்க ஒன்றுமில்லை. அப்போது ஈயத்தின் எல்லை 0.1 அல்ல, அதன் எட்டில் ஒரு பங்கு: 0.0125. சுண்ணாம்பு போட்டு உலோகத்தை வீழ்படிவாக்கும் பழைய முறையால் அந்த அளவுக்கு இறக்குவது கடினம். பெரும்பங்கைச் சுண்ணாம்பு எடுத்தபின் மிஞ்சும் சிறு அளவை எடுக்கவே மாற்றியமைத்த படலமும் மணியும் பொருத்தமானவை. பட்டறைக்கு மேலே போட்ட கணக்கு இதற்குத்தான். ஆகவே மாங்குளத்திலும் பரந்தனிலும் வழங்கப்படும் ஒவ்வொரு சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரத்திலும் கோடைக்கால எல்லை தனியாக எழுதப்படவேண்டும். நிறைந்த படலத்தை யார் எடுப்பது, கழுவிய கரைசல் எங்கே போகும், ஆலை மூடினால் செலவுக்கு முன்வைப்புப் பணம் எங்கே என்பவையும் அதே பத்திரத்தில் இருக்கவேண்டும். சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்ததற்கு உயர் நீதிமன்றம் 2019 இல் இரண்டு கோடி ரூபா இழப்பீடு விதித்தது. கிணறுகள் கெட்டுப் பல ஆண்டுகள் கழித்து வந்த தீர்ப்பு அது. நிலத்தடிக்குப் போனதைத் திருப்பியெடுக்க எந்தப் படலமும் இல்லை.

கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய, தொழில்நுட்ப பீடங்கள் இருக்கின்றன. அங்கிருந்து அக்கராயனுக்கு முறிகண்டி வழியே அதிக தூரமில்லை. புதிதாக இன்னொரு படலத்தை வார்த்து இன்னொரு எண்ணை அறிவிப்பதைவிட, இருக்கும் படலங்களை எங்கள் கடின நீரில், எங்கள் வெப்பத்தில், வாகனம் கழுவும் இடத்து எண்ணெய் நீரில் மாதக்கணக்கில் தொங்கவிட்டுச் சோதிப்பதே இந்தப் பீடங்களால் மட்டும் செய்யக்கூடிய ஆய்வு. கைற்றோசானை இங்கே செய்யப்போனால் அந்த எரிசோடாக் கழிவுநீருக்கும் முதலில் வழி சொல்லவேண்டும். ஒரு மாசைத் தீர்க்க இன்னொன்றை உண்டாக்குவதில் பயனில்லை.

எல்லாவற்றுக்கும் முன் ஓர் அடிப்படைப் பதிவு வேண்டும். ஆலைகள் வருமுன் எங்கள் நீரில் என்ன இருந்தது என்று காட்டும் அளவீடு இல்லாவிட்டால், பின்னர் எந்த வழக்கிலும் 'அது பாறையிலிருந்து வந்தது' என்ற பதிலுக்கு எதிர்ப்பதில் இராது. அதற்கு அக்கராயன் பொருத்தமான இடம். குளத்துக்கு மேலே பெரும்பாலும் காடு, கீழே வயல், கைத்தொழில் என்று பெரிதாக ஒன்றுமில்லை. குளத்து நீரையும், வயலைக் கடந்து வடிவாய்க்காலில் இறங்கும் நீரையும், அடிச் சேற்றையும் தனித்தனியே அளந்தால் மண் கொடுத்தது எவ்வளவு, பசளை கொடுத்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கலாம். பிறகு இரணைமடுவிலும் கனகராயன் ஆற்றிலும் அதே அளவீட்டைச் செய்து ஒப்பிடலாம். முதல் மாதிரியை நீர் மட்டம் இறங்கியிருக்கும் ஓகஸ்டில் எடுக்கவேண்டும். மாரியில் எடுக்கும் மாதிரி எல்லாவற்றையும் நீர்த்தே காட்டும்.